பிராண்டிங்: பட்டியில் சுட்ட குறி

திருகோணமலையில் மாடு வளர்க்கிறவர்களுக்கு 'பிராண்டிங்' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. அவர்கள் அதைக் குறிசுடுதல் என்பார்கள். சின்ன வயதில் தம்பலகாமத்தில் மாமாவின் பட்டியில் பார்த்திருக்கிறேன். விறகு நெருப்பில் கம்பி சிவந்து கிடக்கும். நாலு பேர் கன்றைப் படுக்கவைத்து அமுக்கிப் பிடிக்க, பின்தொடையில் கம்பி படும். மயிர் பொசுங்கும் மணம் கிளம்பும். மாமாவின் பெயரின் முதலெழுத்து அங்கே நின்றுவிடும். அப்புறம் அந்த மாடு எந்தப் பட்டியோடு கலந்து மேய்ந்தாலும் சரி, யாருடையது என்ற கேள்வியே இல்லை.

ஆங்கிலச் சொல்லும் நெருப்பில் பிறந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் 'பிராண்ட்' என்றால் தீ, எரியும் கொள்ளிக்கட்டை. 16ஆம் நூற்றாண்டில் அது சூட்டிரும்பால் இடும் அடையாளத்தையும் குறித்தது; மாட்டிலும் பீப்பாயிலும் சுட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் வணிகச் சரக்கின் அடையாளம் என்ற பொருள் வந்தது. பிரித்தானியாவில் முதலாவதாகப் பதிவான வியாபாரக்குறி, பாஸ் பியரின் சிவப்பு முக்கோணம். நாள் 1876 ஜனவரி 1.

தமிழில் இதற்கும் பழைய சாட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துச் சரக்குகளைப் 'புலி பொறித்துப் புறம்போக்கி' என்கிறது பட்டினப்பாலை. ஆனால் அது சுங்கம் கொண்ட அரசின் பொறி. விற்பவரின் குறி அல்ல.

பிராண்டிங்கோடு பலர் சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் மார்க்கெட்டிங் வேறு குடும்பம். லத்தீனில் 'மெர்க்ஸ்' என்றால் சரக்கு. அந்த வேரில்தான் சந்தையைக் குறிக்கும் 'மார்க்கெட்' முளைத்தது. தமிழில் சந்தைப்படுத்தல். இதை விளம்பரம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள், அது பிழை. என்ன பொருள், என்ன விலை, எந்த இடம், எப்படி அறியச் செய்வது என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் வகுத்த நான்கும் அதில் அடங்கும். விளம்பரம் கடைசியில் ஒரு துண்டு.

இரண்டுக்கும் உள்ள உறவைத் தெருவோரத் தயிர்க்காரரிடம் பார்க்கலாம். சந்தியில் பந்தல் போட்டு, மண்சட்டிகளை வரிசையாக அடுக்கி, வாகனம் நின்றதும் ஒரு சட்டியைச் சரித்துக் காட்டுவார். எருமைத் தயிர் அசையாது. இடம் பார்த்தது, விலை சொன்னது, சரித்துக் காட்டியது எல்லாம் சந்தைப்படுத்தல். வாங்கிப் போனவர் வீட்டில் விருந்தாளி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு "இது ஆர்ட தயிர்?" என்று கேட்கிறார் பாருங்கள், பிராண்ட் அங்கேதான் இருக்கிறது. சந்தைப்படுத்தல் முதல் சட்டியை விற்கும். அடுத்த கிழமை அதே ஆளைத் தேடி வரவைப்பது குறி. ஒரு நாள் தயிரில் தண்ணீர் விட்டால், அந்தக் குறியே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

சரி, பிராண்டுக்குத் தமிழில் என்ன எழுதுவது? இலங்கையில் 'வர்த்தக நாமம்' என்று எழுதுகிறோம். எனக்கு அது போதவில்லை. நாமம் பெயரோடு நின்றுவிடுகிறது. இலச்சினை என்பது படம் மட்டும், இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்கத்தைப் போல. முத்திரை நல்ல சொல். 'முத்திரை பதித்தார்' என்று பாராட்டவும் செய்கிறோம். ஆனால் நமக்கு முத்திரை என்றதும் கடிதத்தில் ஒட்டுவது நினைவுக்கு வரும். 'முத்திரை குத்துதல்' என்றால் பழியும் ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே பிராண்டுக்கு வணிகக்குறி, பிராண்டிங்குக்குக் குறிபதித்தல் என்றே நான் எழுதுகிறேன். சட்டப்படி பதிந்ததைச் சொல்ல வியாபாரக்குறி இருக்கிறது. அதை அதற்கே விட்டுவிடலாம். குறிபதித்தல் என்று சொன்னால் மாமாவுக்கும் விளங்கும்.