ஊறுபடு தகவல்: ‘உணர்திறன் தகவல்’ ஏன் பிழை?

இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், கையெழுத்திடச் சொல்லித் தந்த பணி ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்தார். ‘உணர்திறன் மிக்க தகவல்களைக் கையாளுகையில் பணியாளர் உரிய இரகசியத்தன்மையைப் பேணுதல் வேண்டும்’ என்ற வரியில் விரலை வைத்து, “உணர்ச்சிவசப்படாம வேலை பார்க்கணும்னு சொல்றாங்களா சார்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. அந்த வரியைத் தமிழாகப் படிக்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒப்பந்தங்களைத் தமிழாக்குவதே என் தொழில். இந்தத் தொடரை எத்தனை முறை அடித்துத் திருத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை, இருந்தும் அடுத்த ஒப்பந்தத்தில் அது மீண்டும் வந்து நிற்கிறது.

ஆங்கில ஒப்பந்தங்களில் இணைந்தே வரும் ‘கான்ஃபிடென்ஷியல்’, ‘சென்சிடிவ்’ என்னும் இரு சொற்களும் இலத்தீன் வழி வந்தவை. முதலாவதன் வேர் நம்புதல், இரண்டாவதன் வேர் உணர்தல். நம்பி ஒப்படைத்தது ஒன்று, பட்டால் நோவது மற்றொன்று.

முதற்சொல்லை ‘இரகசியம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரகசியம் என்றால் பிறர் அறியாதது. நோயாளியின் பரிசோதனை முடிவையோ மருத்துவர் அறிவார், கூடத்தில் இருப்பவர் அறிவார், நோயாளியும் அறிவார். அங்கே கடமை பிறப்பது மறைவிலிருந்து அன்று, நம்பி ஒப்படைத்ததிலிருந்து. கலந்து பேசியோர் தமக்குள் வைத்துக்கொள்வதைக் குறிக்கும் ‘மந்தணம்’ என்னும் சொல் இதற்குப் பொருந்தும். தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கோப்புகளில் அது பழகிய சொல்லும்கூட. ‘வெளியிடாமை ஒப்பந்தம்’ என்பதைவிட ‘மந்தணக் காப்பு ஒப்பந்தம்’ என்பதே முழுமையானது. வெளியே சொல்லாதிருப்பதோடு, வேறு வேலைக்குப் பயன்படுத்தாதிருப்பதும், பணி முடிந்ததும் திருப்பித் தருவதும் அல்லது அழிப்பதும் அந்த ஒப்பந்தத்தில் அடங்கும் அல்லவா?

பெரிய கேடு, ‘சென்சிடிவ்’ என்னும் இரண்டாவது சொல்லை ‘உணர்திறன்’ என்று ஆக்குவதில்தான் நேர்கிறது. உணர்திறன் என்பது உணர்கின்ற பொருளின் திறன். தோலுக்கு அது உண்டு, வெப்பமானிக்கு உண்டு, ஒளிப்படக் கருவியின் உணரிக்கும் உண்டு. தகவலுக்கு ஏது உணர்திறன்? யாரோ ஒருவருடைய நோயோ, வங்கிக் கணக்கு எண்ணோ எதை உணரும்? இந்தக் குறையைக் கண்ட சிலர் ‘நுண்ணுணர்வுத் தகவல்’ என்றும் ‘கூருணர்வுத் தகவல்’ என்றும் மாற்றிப் பார்த்தார்கள். முன்னொட்டு மாறியதே தவிர உணர்வு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. வேறு சிலர் ‘முக்கியத் தகவல்’ என்று எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தில் முக்கியமல்லாத தகவல் எது? பரிசோதனைக் கூடம் திறக்கும் நேரமும் முக்கியம்தான், அதை யார் காக்க வேண்டும்?

‘அந்தச் சொல் நிலைத்துவிட்டது, இனி மாற்றுவானேன்’ என்பார்க்கு ஒன்று சொல்வேன். தேர்தல் காலத்தில் அதே ஆங்கிலச் சொல்லை நம் செய்தியாளர்கள் ‘பதற்றமான வாக்குச்சாவடி’ என்று எழுதினார்கள். உணர்திறன் வாக்குச்சாவடி என்று ஒருவரும் எழுதவில்லை. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுவதைப் ‘பல் கூச்சம்’ என்கிறோம், பல் உணர்திறன் என்று சொல்வதில்லை. எளிதில் மனம் நோகிறவரைத் ‘தொட்டாற்சிணுங்கி’ என்கிறோம். ஒவ்வோரிடத்திலும் என்ன நேர்கிறது என்று பார்த்துத் தமிழ் தனக்குரிய சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்துக்கு வந்தவுடன் மட்டும் மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார். ஒப்பந்தத் தமிழை யாரும் படிக்கப்போவதில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். படிக்கிறார்கள், படித்துப் புரியாமல் கையெழுத்திடுகிறார்கள்.

நான் முன்வைக்கும் சொல் ‘ஊறுபடு தகவல்’. சுடு என்பது சூடு ஆனதுபோல், கெடு என்பது கேடு ஆனதுபோல், உறு என்பது நீண்டு ஊறு ஆயிற்று. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று குறள் ஐம்புலன்களை எண்ணும்போது ஊறு என்பதற்குத் தொடுவுணர்வு என்று பொருள். ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்னுமிடத்திலோ அதே சொல் பழுதைக் குறிக்கிறது. தொடுதலும் நோதலும் ஒரே சொல்லுக்குள் இருக்க, வெளியே தேடுவானேன்? ஊறுகாய் நினைவுக்கு வருகிறது என்றார் நண்பர் ஒருவர். அந்த ஊறுதல் வேறு. ‘இடையூறு’ என்று நாள்தோறும் எழுதுகிறவர்களுக்கு இந்த ஊறு புதிதாக இராது. ‘ஊறு தரும் தகவல்’ என்று எழுதினால் தகவலே தீயது போலாகிவிடும் என்பதால் ‘படு’ என்பதைச் சேர்க்கிறேன்.

சட்டமும் இந்த ஊறு நேர்வதைத்தான் பார்க்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகள், கடவுச்சொல், வங்கிக் கணக்கு, அட்டை விவரங்கள், உடல்நிலை, மனநிலை, பாலியல் நாட்டம், மருத்துவ ஆவணங்கள், கைரேகை போன்ற உடலடையாளங்கள் ஆகியவற்றை ‘சென்சிடிவ்’ என்னும் வகையில் வைத்தன. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படித் தனிவகை பிரிக்கவில்லை என்றாலும் ஒப்பந்தங்களில் அந்தப் பிரிவு தொடர்கிறது. ஒப்பந்தப் பணியின்போது கிடைத்த தனிநபர் தகவலை, பிறருக்கு முறையற்ற இழப்பு நேரும் என்று அறிந்தே ஒப்பந்தத்தை மீறி வெளியிடுபவருக்கு, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. சிறை வரை கொண்டுபோகக்கூடிய கடமையைத்தான் அந்தப் பெண்ணுக்கு ‘உணர்திறன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அவருக்காக அந்த வரியை மாற்றி எழுதினேன்: ‘வெளிப்பட்டால் உரியவருக்கு ஊறு நேரக்கூடிய தகவல், இனி ஊறுபடு தகவல் எனப்படும். அதனைப் பணியாளர் மந்தணமாகக் காத்தல் வேண்டும். பணியின் பொருட்டன்றி எவரிடமும் சொல்லுதல் கூடாது.’

இரண்டு முறை படித்தார். “அப்போ, பக்கத்து வீட்டு அக்காவோட ரிப்போர்ட்டை அவங்க அம்மா கேட்டாக்கூட நான் சொல்லக் கூடாதா சார்?”

கூடாது என்றேன்.