மழைக்கால ஓட்டமும் கெண்டைக்கால் வலியும்

சென்னையில் வெயில் தணிந்து ஓடுவதற்கு ஆசை வரும் மாதங்களும் வடகிழக்குப் பருவமழை மாதங்களும் ஒன்றுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குடியிருப்போர் சங்கங்களின் 5 கி.மீ. ஓட்டம், நவம்பர் 14 உலக சர்க்கரை நோய் நாளையொட்டிய நடை என்று வாரக் கடைசிகள் நிரம்பிவிடும். தமிழக அரசு 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதைகளைத் தேர்ந்தெடுத்து, ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியதும் 2023 நவம்பரில்தான். ஆகவே மழை வரும் என்று வைத்துக்கொண்டே இந்த நிகழ்ச்சிகளைத் திட்டமிட வேண்டும்.

இவற்றில் மருத்துவ மேசையில் உட்காரும் பொது மருத்துவர் நான். “டாக்டர், மழையில நனைஞ்சா காய்ச்சல் வருமா?” என்பதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது. நம் ஊர்த் தூறலில் அரை மணி நேரம் ஓடி, வீட்டுக்குப் போய்த் துவட்டிக்கொள்ளும் ஆரோக்கியமான ஆளுக்குப் பயமில்லை. நான் பயப்படுவது தெருவில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு.

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் அந்தத் தண்ணீரில் இருந்துதான் வருகிறது. எலி, நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் கிருமி தேங்கிய நீரிலும் சேற்றிலும் பிழைத்திருந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ, ஊறிப்போன தோல் வழியாகவோ உள்ளே போய்விடும். பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் காய்ச்சல் ஆரம்பிக்கும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் தண்ணீரில் இறங்கியதே மறந்துபோயிருக்கும்.

ஓட்டக்காரர்களிடம் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எலிக்காய்ச்சலின் முக்கிய அடையாளங்களில் ஒன்று கெண்டைக்கால் வலி. தொட்டாலே துடிக்கும் அளவுக்குச் சதை வலிக்கும். கண் சிவந்திருக்கும், பீளை இருக்காது. ஓடுகிறவருக்குக் கெண்டைக்கால் வலித்தால் என்ன நினைப்பார்? ‘போன வாரம் கொஞ்சம் வேகமா ஓடிட்டேன்’ என்றுதான். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, சிறுநீர் குறைந்த பிறகோ கண் மஞ்சளான பிறகோ மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்திலேயே வந்தால் எளிய ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகும் நோய் இது. அதனால்தான் மனசு கேட்பதில்லை.

வலி மாத்திரை பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மழைக்காலம் டெங்கு காலமும்கூட. காய்ச்சலோடு உடம்பு வலிக்கும்போது டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை நீங்களாகப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும், எலிக்காய்ச்சலாக இருந்தால் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு இன்னும் சுமை. பாரசிட்டமால் போதும். அப்புறம், காய்ச்சல் உள்ளபோது ஓடவே கூடாது. பதிவுக் கட்டணம் வீணாகிறதே என்று வருகிறவர்களை நான் கெஞ்சியாவது திருப்பி அனுப்புவேன். வைரஸ் காய்ச்சல் இதயத் தசையையும் தாக்கக்கூடியது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மழை நாளில் செய்யும் ஒரு காரியம் என்னை ரொம்பவே கவலைப்படுத்துகிறது. தண்ணீர் தேங்கிய இடம் வந்ததும் புது ஷூ கெட்டுவிடும் என்று அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார்கள். பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கண்ணாடிச் சில்லோ ஆணியோ குத்தினாலும் தெரியாது. ஷூ நனையட்டும். செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் வைத்தால் காய்ந்துவிடும். பாதப் புண் அப்படி ஆறாது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ, வீட்டில் யாரையாவது கூப்பிட்டோ பார்க்க வேண்டும். கொப்புளம் இருந்தால் உடைக்கக் கூடாது. சேற்றுப்புண் இருந்தால் அது ஆறும்வரை தண்ணீர் தேங்கிய தெருவுக்கே போக வேண்டாம்.

ஓடும் முறையில் பெரிதாக மாற்ற ஒன்றுமில்லை. அடியைச் சின்னதாக வையுங்கள். ஜீப்ரா கோடு, சாக்கடை மூடி, டைல்ஸ் பதித்த நடைபாதை மூன்றிலும் வழுக்கும். தொடை இடுக்கில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். மழையில் தாகம் தெரியாவிட்டாலும் வியர்வை போய்க்கொண்டுதான் இருக்கும், தண்ணீர் குடியுங்கள்.

நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. நிகழ்ச்சியை நிறுத்தும் பொறுப்பு யாருடையது என்பதை முந்தின நாளே முடிவு செய்யுங்கள். காலை 5 மணிக்கு டி-ஷர்ட் கொடுத்து, சிறப்பு விருந்தினரும் வந்து, மைக்கும் போட்ட பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வானிலை மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் தள்ளிவைப்பது என்று எழுதியே வைத்துவிடலாம். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, எல்லோரும் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஷாமியானாவும் மரமும் பாதுகாப்பு ஆகாது. தண்ணீருக்குள் நிற்கும் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி), விளக்குக் கம்பம் இருக்கும் தெருவைப் பாதையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அறுந்த கம்பியைப் பார்த்தால் உடனே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் நடத்தினால் கணக்கே வேறு. அங்கே மழையோடு காற்றும் குளிரும் சேரும். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் திடீரென ஆலங்கட்டியும் உறைமழையும் சூறைக்காற்றும் வந்தன. ஓடிய 172 பேரில் 21 பேர் இறந்தார்கள். அவர்களில் தேர்ந்த வீரர்களும் உண்டு. உடம்பு வெடவெடத்து, பேச்சு குழறினால் அவரை ஓட விடாதீர்கள். ஈர உடையை மாற்றிப் போர்வை போர்த்துங்கள்.

ஓட்டம் முடிந்ததும் நடக்கும் இலவசப் பரிசோதனையிலும் மழை குளறுபடி செய்யும். ஈர விரலில் குத்தினால் ரத்தம் நீர்த்து சர்க்கரை குறைவாகக் காட்டும். வாழைப்பழம் சாப்பிட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் கூடுதலாகக் காட்டும். நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு பிபி ஏறித்தான் இருக்கும். கை கழுவித் துடைத்து, உலர்ந்த துண்டு கொடுத்து, ஐந்து நிமிடமாவது உட்கார வைத்துப் பாருங்கள். அப்படியும் அளவு அதிகமாக இருந்தால், வேறொரு நாள் திரும்பப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்தில் வாட்ஸ்அப் குழுவில் இந்தச் செய்தியை அனுப்பச் சொல்கிறேன்: “போன ஞாயிறு நம் ஓட்டத்தில் தேங்கிய தண்ணீரில் நடந்தவர்கள் கவனிக்கவும். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். தண்ணீரில் இறங்கியதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.”