மாரத்தான் ஓடினாலும் லா பாஸ் லா பாஸ்தான்

இரவு இரண்டரைக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு. பொலிவியாவில் அப்போது மாலை ஐந்து. "டாக்டர், லேசா சளி பிடிச்சிருக்கு. ஒரு இருமல் மருந்து பேர் சொல்லுங்க." இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார். வீடியோவைப் போடச் சொன்னேன். உட்கார்ந்த இடத்திலேயே இரைப்பு, உதட்டில் நீலம். சளியாவது ஒன்றாவது! உயரம் ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

வயது 34, மாரத்தான் ஓடுபவர். சனிக்கிழமை, மலை உச்சியில் இருக்கும் பொலிவிய நகரமான லா பாஸில் விமானம் இறங்குகிறது. ஞாயிறு இரவே பேருந்தில் உயுனி. திங்கள் உப்புப் பாலைவனம். செவ்வாய் மாலை, சிவப்பு ஏரியான லகுனா கொலராடா பக்கம் 4,300 மீட்டரில் தங்கல். கிளம்பும் முன் என்னிடம் வந்து, உயரத்துக்காக எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர்தான். வாங்கவில்லை. "நான்தான் ஃபிட்டா இருக்கேனே டாக்டர்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

உடல் தகுதிக்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தம் இல்லை. கிடையவே கிடையாது. ஓட்டப் பயிற்சியால் காலும் இதயமும் வலுப்படும். ஆனால் குறைந்த காற்றழுத்தத்துக்கு மூளையும் நுரையீரலும் பழகுவது வேறு கணக்கு. அதற்கு வேண்டியது நாட்கள்தான், ஜிம் இல்லை. நம்பிக்கை வரவில்லையா? 2013-ல் லா பாஸ் மைதானத்தில், ஆட்டத்தின் நடுவே வாந்தி எடுத்தவர் மெஸ்ஸி. அதற்கு நான்கு வருடம் முன்பு அதே ஊரில் அர்ஜென்டினா 6-1 என்று தோற்றது. நீங்கள் மெஸ்ஸியைவிட ஃபிட் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

உண்மையில் ஃபிட்டாக இருப்பவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். முதல் நாளே மேடு ஏறுவார்கள். தலைவலியை "தூக்கம் போதலை" என்பார்கள். இவருடன் அதே ஜீப்பில் போன மாமியாருக்கு மூட்டுவலி. மெல்ல நடந்தார், கண்ட இடத்தில் உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அடுத்தது, "நாங்க மலையெல்லாம் ஏறலை டாக்டர், ஊரைத்தான் சுத்திப் பாக்கப் போறோம்." அந்த ஊரே 3,600 மீட்டரில் இருக்கிறது, ஐயா. விமானம் இறங்கும் எல் ஆல்டோ நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலே. ஊட்டி உயரத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கே நீங்கள் ஏறிப் போகவில்லை, விமானம் கொண்டுபோய் வைத்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொலிவியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இமயமலையில் ஒருவருக்கு மோசமானால் "கீழே இறக்குங்கள்" என்று சொல்லிவிடலாம். ஆல்டிபிளானோ என்ற அந்த உயர்ந்த பீடபூமி ஒரு மேசை மாதிரி, பக்கத்தில் 'கீழே' என்று ஒன்று இல்லை. லா பாஸிலிருந்து யுங்காஸ் பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டுமானால், முதலில் 4,600 மீட்டருக்கு மேலே இருக்கும் லா கும்ப்ரே கணவாயைத் தாண்ட வேண்டும். இவர் இருந்த பக்கத்திலிருந்து சட்டென்று இறங்கக்கூடிய ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், சிலியில் இருக்கும் சான் பெட்ரோ டி அட்டகாமா. கையில் சிலி விசா இல்லை. ஆக்சிஜன் சிலிண்டர் இருந்த இன்னொரு ஜீப் கிடைத்ததால், இரவோடு இரவாக உயுனி மருத்துவமனைக்கு வந்து பிழைத்தார். அங்கே சாலை மறியல்கள் சகஜம். அன்றைக்கு மறியல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

சரி, போகத்தான் வேண்டுமா? தாராளமாகப் போங்கள், அழகான நாடு. ஆனால் பயணத்தைத் தலைகீழாகப் போடுங்கள். தாழ்வான சாண்டா குரூஸில் இறங்குங்கள். 2,800 மீட்டரில் இருக்கும் சுக்ரேயில் இரண்டு மூன்று இரவு தூங்குங்கள். அப்புறம் உயுனி, லா பாஸ். நேராக லா பாஸ்தான் என்றால், ஊரின் தாழ்ந்த தென்பகுதியில் அறை எடுங்கள். முதல் இரண்டு நாள் சோம்பேறியாக இருங்கள். மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

உயரத்துக்குப் பழக உதவும் அசிட்டசோலமைடு மாத்திரையை ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா அலர்ஜி இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். விரல் நுனி ஊறும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா சப்பென்று இருக்கும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். விடுதியில் தரும் கோகா இலைத் தேநீரைக் குடியுங்கள், இதமாக இருக்கும். ஆனால் அது மாத்திரைக்கு மாற்று இல்லை. அந்த இலையைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டு வராதீர்கள், இங்கே அது குற்றம். மூச்சுக்கு நல்லது என்று முகர்ந்து பார்க்கும் கற்பூரம்-ஓமம் பொட்டலத்தைப் பூஜையறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள், தயவுசெய்து.

பல்ஸ் ஆக்சிமீட்டர் லா பாஸில் 88 காட்டினால் உடனே அலற வேண்டாம். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே இரைக்கிறதா, நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடுகிறாரா, பேச்சு குழறுகிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓட்டுநரை எழுப்புங்கள். அவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

ஜீப்பில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். "இருக்கு" என்றால் கண்ணால் பாருங்கள்.