குழந்தை யாரிடம்? மனு போடுவதற்கு முன்

கணவனும் மனைவியும் பிரிந்த பிறகு, "குழந்தை பாதி நாள் என்னிடம், பாதி நாள் அவரிடம் என்று கோர்ட்டில் வாங்கிவிடலாம்" என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. இப்படி இருவரும் குழந்தையைப் பகிர்ந்து வளர்க்கும் கூட்டுப் பொறுப்புக்கென்று இந்தியாவில் தனிச் சட்டப்பிரிவு கிடையாது. 2015-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது, அதோடு சரி. 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தை வைத்துக் குழந்தையின் நலன் எதுவென்று நீதிபதி பார்க்கிறார். பெரும்பாலும் கிடைப்பது, ஒருவரிடம் குழந்தை, மற்றவருக்குச் சந்திப்பு நாட்கள், பள்ளி விடுமுறையில் பங்கு. இந்துக்களுக்கான சட்டத்தில் ஐந்து வயது வரை பொதுவாகத் தாயிடம் என்று இருக்கிறது. ஐந்து முடிந்ததும் தானாகத் தந்தையிடம் வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

பலர் முதலில் சிக்கிக்கொள்வது, மனு போடும் ஊர் விஷயத்தில். பாதுகாவலர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் தான் வேலை பார்க்கும் ஊரில் போட்டார். எட்டு மாதம் வாய்தா வாங்கி அலைந்த பிறகு, இங்கே செல்லாது என்று மனுவைத் திருப்பினார்கள். இதை முதல் நாளே சொல்ல ஆளில்லையா? அதற்குள் குழந்தை புதுப் பள்ளியில் பழகிவிட்டது, அதுவே அவருக்கு எதிரான வாதமாகிவிட்டது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதிலேயே கேட்கலாம்.

அசல் மனுவோடு, அன்றைக்கே, இடைக்காலச் சந்திப்புக்கும் மனு போடுங்கள். இல்லாவிட்டால் வழக்கு முடியும்வரை பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே காலம் ஓடிவிடும். காவல் நிலையத்தில் நாள் கடத்த வேண்டாம். குழந்தை யாரிடம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பள்ளி வாசலிலிருந்து தூக்கி வருவது உங்கள் வழக்கை நீங்களே கெடுப்பது. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து அழைத்து வருவதும் அப்படித்தான், நீதிபதி தனியாகப் பேசும்போது தெரிந்துவிடும்.

சமரசத்தில் "நியாயமான நேரத்தில் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, யார் எங்கே கொண்டுவந்து விடுவது, தீபாவளி யாரிடம், மே மாதத்தில் எந்தப் பாதி, வீடியோ அழைப்பு எப்போது, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால், உத்தரவு மீறப்படுகிறது, அதை அமல்படுத்துங்கள் என்று நிறைவேற்று மனு போட்டாலும் எதை மீறினார்கள் என்று காட்ட முடியாமல் நிற்பீர்கள்.

ஜீவனாம்சம் வரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருக்காதீர்கள். காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தவும் கூடாது. இரண்டும் தனித்தனி.

கட்டண ரசீது, தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டு, பெற்றோர் கூட்டத்தில் போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். முதல் உத்தரவு பாதகமாக வந்தாலும் சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம், அப்போதும் இதே காகிதங்களைத்தான் கேட்பார்கள்.