அண்ணப் பிளவுக்கு மூன்று சுழி

சில குழந்தைகள் வாயின் மேற்கூரையில் இடைவெளியோடு பிறக்கின்றன. அதை ‘அன்னப் பிளவு’ என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன், செய்திகளிலும்கூட. அன்னம் என்றால் சோறு; இல்லாவிட்டால் பறவை. இரண்டுக்கும் குழந்தையின் வாய்க்கும் இங்கே தொடர்பில்லை. மூன்று சுழி ண போட்டு எழுத வேண்டிய சொல் இது: அண்ணப் பிளவு.

அண் என்றால் மேல். அண்ணாந்து பார்க்கிறோமே, அதே அண். வாய்க்குள் கூரைபோல மேலே இருப்பது அண்ணம். பல்லுக்குப் பின்னாலிருந்து நாக்கு நுனியை உள்ளே இழுத்துக்கொண்டு போனால் முதலில் கெட்டியாக இருக்கும், அது வல்லண்ணம். அப்புறம் மெத்தென்று ஆகும், அது மெல்லண்ணம். சிலர் ‘மேலண்ணம்’ என்கிறார்கள். சொல்லுக்குள்ளேயே மேல் இருக்கும்போது இன்னொரு மேல் எதற்கு?

தொல்காப்பியத்தின் பிறப்பியலிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஒலி பிறக்க உதவும் உறுப்புகளைச் சொல்லும்போது பல், இதழ், நா, மூக்கு ஆகியவற்றோடு அண்ணத்தையும் சேர்க்கிறது.

மருத்துவர்கள் ‘கிளெஃப்ட் லிப்’, ‘கிளெஃப்ட் பேலட்’ என்பார்கள். தமிழில் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு. ஆங்கிலத்தில் முன்பு ‘ஹேர்லிப்’ என்றார்கள், அதாவது முயலுதடு. முயலின் மேலுதடு நடுவில் பிரிந்திருக்கும். குழந்தையை விலங்கோடு ஒப்பிடும் அந்தச் சொல்லை அங்கேயே ஒதுக்கிவிட்டார்கள். நாம் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

‘பிளவு’ என்பதிலும் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. ஒன்றாக இருந்தது பிளந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. உண்மையில் கருவில் முகத்தின் பகுதிகள் இரு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து ஒட்டுகின்றன. உதடு 4 முதல் 7 வாரத்துக்குள், அண்ணம் 6 முதல் 9 வாரத்துக்குள். ஒட்டாமல் நின்ற இடம்தான் இடைவெளி. ‘ஒட்டாமை’ என்றால் பொருள் இன்னும் சரியாக இருந்திருக்கும். சரி, பிளவு நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

உதட்டைப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் தைத்துச் சேர்க்கிறார்கள். அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதம். அதற்கு மேல் தள்ளிப்போட விரும்பாததற்குக் காரணம் பேச்சு. ‘ப’ சொல்லும்போது மெல்லண்ணம் எழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். அப்போதுதான் காற்று வாய்க்குள் தேங்கி, உதடு திறந்ததும் வெடித்து வரும். வழி அடைபடாவிட்டால் காற்று மூக்கால் கசிந்து வல்லினம் மெல்லினமாகிவிடும். குழந்தை ‘அப்பா’ என்று கூப்பிட்டாலும் ‘அம்மா’ என்றே காதில் விழும்.

அதனால்தான் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சுப் பயிற்சியும் தேவைப்படலாம். பயிற்சியாளர் மூக்குக்குக் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ‘பா பா பா’ சொல்லச் சொல்வார். கண்ணாடி மங்கினால் காற்று இன்னும் மூக்கு வழியே போகிறது.