பால்ரூம் என்பது ஆடல்மன்று

உதகை ஆளுநர் மாளிகையிலும், ஃபெர்ன்ஹில்லில் மைசூர் அரசர்கள் கோடையில் தங்கிய அரண்மனையிலும் பழைய பால்ரூம்கள், அதாவது நடன விருந்துக் கூடங்கள், இன்றும் உள்ளன. இச்சொல்லின் முற்பகுதியைப் பந்து என்று கொண்டு ‘பந்தாட்டக் கூடம்’ என்று மொழிபெயர்ப்பது பிழை. பந்தைக் குறிக்கும் ‘பால்’ வடஐரோப்பிய மொழிகளின் வழி வந்தது. நடன விருந்தைக் குறிக்கும் ‘பால்’ வேறு. ஆடுதல் என்று பொருள்படும் ‘பல்லாரே’ என்ற பிற்கால இலத்தீன் வினை, பிரெஞ்சில் ‘பல்’ என்று குறுகி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘பாலே’ நடனத்தின் பெயரும் அந்த வேரிலிருந்து கிளைத்ததே.

சென்னை மாகாண அரசு ஆண்டுதோறும் கோடையில் மலையேறி உதகையிலிருந்து ஆண்ட காலத்தில், இத்தகைய கூடங்கள் இங்கே தேவைப்பட்டன. வெலிங்டன் ராணுவ முகாமில் சமையற்கட்டு வேலை பார்த்த என் பாட்டனார் அவற்றை எந்தப் பெயராலும் அழைத்ததில்லை. ‘இன்று ராத்திரி பேண்டு உண்டு’ என்பதுதான் அவர் வழக்கு. சன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கு எட்டியது இசை மட்டும் என்பதால், நிகழ்ச்சி முழுவதற்குமே இசையின் பெயர் அமைந்துவிட்டது. அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத நாளில் உயர்ந்த கூரையும் மரத்தளமும் வயலினையும் பியானோவையும் கூடம் முழுவதும் கொண்டுசேர்த்தன. காலணி வழுக்கிச் செல்வதற்காகத் தளத்தில் மாவுபோன்ற வெண்பொடி தூவினார்கள். வால்ட்ஸ் நடனத்தின் மூன்றெண்ணிக்கைத் தாளத்தை, ஆடுவோரின் கால்களைப் பார்த்தபடியே வாத்தியக்குழுத் தலைவர் விரைவாக்கவோ தளர்த்தவோ முடிந்தது. பின்னாளில் வந்த இசைத்தட்டுக்கு அந்தக் கண் இல்லை. எனவே, வாசிப்பவரும் ஆடுபவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடம் என்ற பொருள் இச்சொல்லின் தமிழ் வடிவத்திலும் இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

ஆடரங்கு, நடன அரங்கம் என்று எழுதுவோர் உண்டு. அரங்கு அழகான சொல்தான். ஆனால் அது வேறொன்றைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்ட ஆடலரங்கை அளந்து காட்டுகிறது. அங்கே கோல் என்பது இருபத்துநான்கு விரல் அளவு. உயர்ந்த மேடையில் ஒருத்தி ஆட, ஏனையோர் பார்த்திருக்கும் அமைப்பு அது. பால்ரூமில் உயரத்தில் இருப்பவர்கள், இருந்தால், இசைக்கலைஞர்கள்தான். வந்தவர்கள் அனைவரும் சமதளத்தில் ஆடுவார்கள். ‘நடனக்கூடம்’ பிழையன்று. எனினும் நடனம் கற்பிக்கும் அறையையும் இன்று அப்படித்தான் அழைக்கிறோம்.

பொருத்தமான சொல் மன்று. பலர் கூடும் பொதுவெளி அது. ஊர் கூடி ஆடிய இடமும் அதுவே. மதுரைக்காஞ்சி ‘மன்றுதொறும் நின்ற குரவை’ என்கிறது. குரவை கைகோத்து ஆடுவது, பலர் சேர்ந்து ஆடுவது. தில்லைக் கூத்தனை மன்றுள் ஆடுபவன் என்று போற்றும் மரபும் இச்சொல்லில் ஆடலை நிலைநிறுத்தியிருக்கிறது.

நீலகிரியில் இதற்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. தோடர்களின் குடியிருப்பை இங்கே மந்து என்போம். ஆங்கிலேயர் உதகையின் பெயரை எழுதியபோது ஈற்றில் ‘மண்ட்’ என்று வைத்தது இந்த ‘மந்து’ என்ற சொல்லைத்தான். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, தமிழின் மன்று, மன்றம் ஆகியவற்றையும் கோத்தர், தோடர் மொழிகளின் இணைச்சொற்களையும் ஒரே பதிவில் சேர்த்திருக்கிறது. கொள் என்ற குழலும் கொப் என்ற கொம்பும் பறையும் முழங்கக் கோத்தர்கள் ஆடுவதும், படகர்கள் ஊர்த்திடலில் வட்டமாக ஆடுவதும், பால்ரூம்கள் எழுவதற்கு முன்பே இம்மலையில் இருந்த நேரடி இசையும் கூட்டு ஆடலும் ஆகும். மன்று என்ற சொல் அவற்றையும் அயலாக்காது.

ஆகவே பழைய பால்ரூமை ஆடல்மன்று என்று எழுதலாம். நட்சத்திர விடுதிகள் இன்று திருமண வரவேற்புக்கும் கருத்தரங்குக்கும் வாடகைக்கு விடும் ‘பால்ரூம்’ பெயரளவில் மட்டுமே ஒன்று. அதற்கு விருந்துக்கூடம் என்பதே போதும்.