பால் பல்லுக்கு ஸ்டீல் கேப்: பிடிப்பது எது, அடைப்பது எது?

"விழப்போகிற பல்லுக்கு எதற்கு டாக்டர் கேப்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் இரண்டாவது பால் கடைவாய்ப்பல் விழ 10 முதல் 12 வயது ஆகும். ஐந்து வயதில் சொத்தையானால், இன்னும் ஐந்தாறு வருடம் அதை வைத்துத்தான் மெல்ல வேண்டும். அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடத்தையும் அதுதான் காக்கும். பால் பல்லின் எனாமல் சுமார் 1 மி.மீ.தான். உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பல்கூழோ பெரிது. அதனால் சொத்தை சீக்கிரமே நரம்பை எட்டிவிடுகிறது.

பால் கடைவாய்ப்பல் ஈறுக்குச் சற்று மேலே புடைத்து, கழுத்தில் ஒடுங்கியிருக்கும். ஸ்டீல் கேப்பின் மெல்லிய விளிம்பு அழுத்தும்போது கொஞ்சம் விரிந்து, புடைப்பைத் தாண்டி, கழுத்தைக் கவ்விக்கொள்ளும். கேப்பைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு இந்தக் கவ்வலுக்குத்தான். கேப்புக்குள் நிரப்பும் சிமெண்டின் முதல் வேலை, பல்லுக்கும் கேப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைப்பது. வழக்கமான முறையில் மெல்லும் பரப்பை 1 முதல் 1.5 மி.மீ. வரை குறைத்து, பக்கத்துப் பல்லைத் தொடும் இரு புறங்களையும் மெல்லிசாகச் சீவுவார்கள். அங்கே படிபோல் ஒரு விளிம்பு மிஞ்சினால் கேப் அதில் முட்டி நின்றுவிடும். கன்னப்பக்கப் புடைப்பைத் தேய்த்துவிட்டால் பிடிப்பே போய்விடும்.

ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால் கையாண்ட முறையில் ஊசியும் இல்லை, தேய்ப்பும் இல்லை. பற்கள் நெருக்கமாக இருந்தால் இடையில் ரப்பர் வளையம் போட்டு, சில நாளில் இடம் உண்டாக்குவார்கள். பிறகு பொருந்துகிற கேப்பில் குமிழி இல்லாமல் சிமெண்ட் நிரப்பிப் பல்லில் பொருத்தி, பஞ்சுருளையைக் கடிக்கச் சொல்வார்கள். உள்ளே அடைபட்ட கிருமிகளுக்கு வாயிலிருந்து சர்க்கரை கிடைக்காது. சொத்தை முன்னேறாமல் நின்றுவிடும். கடி உயர்ந்ததுபோல் இருப்பது சில வாரங்களில் சரியாகிவிடும். இரவில் தானாக வலித்தாலோ ஈறில் சீழ் கட்டி இருந்தாலோ இந்த முறை கூடவே கூடாது. அங்கே பல்கூழ் ஏற்கெனவே கெட்டுவிட்டது.

இதற்கு ஏற்ற சிமெண்ட் கிளாஸ் அயனோமர். கண்ணாடித் தூளும் அமிலத் திரவமும் கலந்ததும், தூளிலிருந்து முதலில் கால்சியமும் பிறகு அலுமினியமும் அயனிகளாக (மின்னேற்றத் துகள்களாக) வெளிவந்து அமிலச் சங்கிலிகளைப் பிணைக்கும். பல்லின் கால்சியத்தோடும் அதே அமிலம் பிணைவதால் சிமெண்ட் பல்லில் ஒட்டுகிறது. இறுகும் முன் எச்சில் பட்டால் அந்த அயனிகள் கரைந்துபோகும். திரவம் கூடினால் பிணைப்பு பலவீனமாகும். தூள் கூடினால் கலவை கெட்டியாகி, கேப் முழுதாக இறங்காமல் விளிம்பில் இடைவெளி விழும். முழு பலம் வர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அன்று மிட்டாய், கடலைமிட்டாய் எதுவும் வேண்டாம்.

ஜிர்கோனியா என்ற பீங்கான் வகையில் செய்த வெள்ளை கேப்பின் கதை வேறு. அது விரியாது, கவ்வாது. பல்லைக் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். தேய்த்த பல்லோடு அதை ஒட்டவைப்பதும் சிமெண்ட்தான். பொருத்திப் பார்க்கையில் உட்புறத்தில் எச்சில் பட்டால், அதிலுள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவில் ஒட்டிக்கொண்டு சிமெண்டின் பிடிப்பைக் குறைக்கும். தண்ணீரில் அலசினால் மட்டும் போகாது. அதனால்தான் அளவு பார்க்கவென்றே தனிக் கேப்புகள் விற்கிறார்கள். ஈறில் ரத்தக்கசிவு நின்ற பிறகே அசல் கேப்பைக் கையில் எடுக்க வேண்டும்.